அலென்தேஜு வெள்ளை ஒயின்: மூன்று திராட்சைக் கலவையோடு என்ன சாப்பிடலாம்?

கேள்வி இதுதான். போர்ச்சுகலின் அலென்தேஜு பகுதியிலிருந்து வெள்ளை ஒயின் இரண்டு பாட்டில் பரிசாக வந்திருக்கிறது. லேபிளில் அந்தாவ் வாஸ், அரின்டோ, ரோபெய்ரோ என்று மூன்று திராட்சைப் பெயர்கள். ஒரே திராட்சையில் செய்யாமல் மூன்றைக் கலந்திருப்பதால் இது மலிவுச் சரக்கா? வீட்டில் ஆறு பேருக்கு விருந்து, போர்ச்சுகல் சாப்பாடே சமைக்கலாம் என்று எண்ணம். வருகிறவர்களில் ஒருவர் சைவம். எதைச் சமைத்தால் ஒயினோடு ஒத்துப்போகும்?

மலிவுச் சரக்கு இல்லை, அந்தக் கவலையை விட்டுவிடுங்கள். சாப்பாட்டைப் பொறுத்தவரை, மீனா இறைச்சியா என்று யோசிப்பதற்கு முன்னால் தட்டில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது, எவ்வளவு உப்பு இருக்கிறது என்று பாருங்கள். இந்தக் கலவை ஆலிவ் எண்ணெய் தாராளமாக ஓடும் ஒரு சமையலுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தது. பூண்டு, கொத்தமல்லித்தழை, ஆலிவ் எண்ணெய் மூன்றும் சேரும் எந்தப் பாத்திரத்துக்குப் பக்கத்திலும் தைரியமாக இதை வைக்கலாம். அது மீனாகவும் இருக்கலாம், பன்றி இறைச்சியாகவும் இருக்கலாம், வெறும் ரொட்டியும் முட்டையுமாகவும் இருக்கலாம்.

ஏன் என்று புரிய வேண்டுமானால் கலவையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரே திராட்சைப் பெயரை லேபிளில் பெரிதாகப் போடுவது உலகச் சந்தையில் பரவிவிட்ட பழக்கம். ஷார்டொனே, ரீஸ்லிங் என்று கேட்டு வாங்கிப் பழகியவர்களுக்குக் கலவை என்றால் மீதியை எல்லாம் கொட்டிச் சேர்த்தது போலத் தோன்றும். போர்ச்சுகலில் நிலைமை வேறு. அந்தச் சின்ன நாட்டில் 250க்கும் மேற்பட்ட உள்நாட்டுத் திராட்சை வகைகள் இருக்கின்றன. பழைய தோட்டங்களில் பல வகைக் கொடிகளை ஒரே நிலத்தில் கலந்தே நட்டார்கள். ஒன்று மழையில் கெட்டால் இன்னொன்று தப்பிக்கும், ஒன்றில் புளிப்புக் குறைந்தால் இன்னொன்று ஈடுகட்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பறித்து ஒன்றாகவே நொதிக்க வைப்பார்கள். இன்று பெரும்பாலான பண்ணைகளில் ஒவ்வொரு வகையையும் தனித்தனியாக நட்டு, தனியாகப் பறித்து, தனியாக நொதிக்க வைத்து, பிறகு ருசி பார்த்துக் கலக்கிறார்கள். முறை மாறிவிட்டது, கலக்கும் காரணம் மாறவில்லை.

அலென்தேஜு வெப்பமான ஊர். டேகஸ் நதிக்குத் தெற்கே, நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கார்க் ஓக் மரங்கள், ஆலிவ் தோப்புகள், கோதுமை வயல்கள், நடுவில் வெள்ளையடித்த ஊர்கள். கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் சாதாரணம். அந்த வெயிலில் திராட்சையில் சர்க்கரை வேகமாக ஏறும், புளிப்பு வேகமாக இறங்கும். சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹாலாகிறது என்பதால், கவனிக்காமல் விட்டால் கையில் கிடைப்பது கனமான, சூடான, உயிரில்லாத ஒயின். இந்த மூன்று திராட்சைகள் சேர்வது அந்தப் பிரச்சினைக்கான விடை.

அந்தாவ் வாஸ் உள்ளூர்க்காரர். அலென்தேஜுவின் தெற்கில் விடிகெய்ரா என்ற ஊரைச் சுற்றித்தான் இதன் வீடு. வாஸ்கோ ட காமாவை நமக்குக் கோழிக்கோட்டுக் கரையில் இறங்கியவராகத் தெரியும். அவருக்கு 1519இல் கிடைத்த பட்டம் விடிகெய்ராவின் கவுன்ட். 1524இல் கொச்சியில் இறந்த அவரது எச்சங்களை 1539இல் அந்த ஊருக்குத்தான் கொண்டுபோனார்கள். ஊருக்கு வடக்கே மென்ட்ரோ மலைத்தொடர் நிற்கிறது. மேற்கே அட்லான்டிக் கடல் பக்கமிருந்து வரும் காற்று மலையடிவாரத்தை ஒட்டி உள்ளே நுழைந்து இரவுகளைக் குளிர்விக்கிறது. தெற்கில் இருந்தும் விடிகெய்ரா வெள்ளை ஒயினுக்குப் பேர்போனதாக இருப்பதற்கு அந்தக் காற்று ஒரு பெரிய காரணம். அந்தாவ் வாஸுக்குத் தடித்த தோல், வறட்சியைத் தாங்கும் கொடி. ஒயினுக்குக் கனத்தையும் வழவழப்பையும், மாம்பழம், அன்னாசி, கமலா ஆரஞ்சுத்தோல் வாசனையையும் கொடுப்பது இதுதான். ஓக் பீப்பாயோடும் நன்றாகச் சேரும். இதன் குறை புளிப்பு. தாமதமாகப் பறித்தால் புளிப்பு விழுந்துவிடும்.

அங்கேதான் அரின்டோ வருகிறது. இதன் பிறந்த வீடு லிஸ்பனுக்கு வடக்கே உள்ள புசெலாஸ். அந்த ஊர்ப் பெயரில் வரும் வெள்ளை ஒயினில் குறைந்தது 75 சதவீதம் அரின்டோ இருக்க வேண்டும் என்பது விதி. எவ்வளவு வெயில் அடித்தாலும் புளிப்பை விட்டுக்கொடுக்காத திராட்சை இது. அதனால் நாடு முழுவதும் பரவிவிட்டது. வடக்கே வின்யோ வெர்டே பகுதியில் பெடர்னா என்ற பெயரில் இருக்கிறது. எலுமிச்சை, பச்சை ஆப்பிள் வாசனை, நாக்கின் இரு பக்கமும் எச்சில் ஊற வைக்கும் புளிப்பு. உங்கள் பாட்டிலில் சாப்பாட்டோடு பேசப்போவது பெரும்பாலும் அரின்டோதான். பொரித்த மீன்மேல் எலுமிச்சை பிழிந்தால் எண்ணெய்ப்பிசுக்கு விலகி மீனின் ருசி மேலே வருகிறதே, அந்த வேலையைக் கோப்பைக்குள் இருந்தபடி இது செய்கிறது.

ரோபெய்ரோவின் அதிகாரப்பூர்வப் பெயர் சிரியா. வடகிழக்குப் பகுதிகளில் அந்தப் பெயரில்தான் அழைப்பார்கள். இளமையாக இருக்கும்போது ஆரஞ்சுப்பூ, எலுமிச்சை, பீச் என்று நல்ல வாசனை. அந்த வாசனை நீண்ட நாள் நிற்காது. ரோபெய்ரோ அதிகம் உள்ள ஒயினை வருடக்கணக்கில் பூட்டி வைப்பது வீண்.

லேபிளில் பெயர்கள் இருக்கும் வரிசையையும் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட திராட்சைப் பெயர்களைக் குறிப்பிட்டால் அவையே ஒயினின் நூறு சதவீதமாக இருக்க வேண்டும், அதிகம் உள்ளது முதலில் வர வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் வரிசைப்படி அந்தாவ் வாஸ் முன்னால் நிற்கிறது. அப்படியானால் கனமும் பழவாசனையும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், வெண்ணெய், முட்டை, சீஸ், பன்றி இறைச்சி எல்லாம் தாங்கும். அரின்டோ முன்னால் இருந்தால் மட்டி, இறால், சுட்ட மீன் பக்கம் சாய்வேன்.

இன்னொன்றும் பாருங்கள். லேபிளில் ரிசர்வா என்று போட்டிருந்தாலோ, பீப்பாயில் நொதித்தது என்று எங்காவது எழுதியிருந்தாலோ, ஓக் வாசனை இருக்க வாய்ப்பு அதிகம். வெனிலா, வறுத்த பருப்பு, லேசான புகை. அது இருந்தால் சாப்பாடும் கொஞ்சம் கனமாக வேண்டும், மென்மையான வெள்ளை மீனை ஓக் அமுக்கிவிடும். அப்படி எதுவும் இல்லாவிட்டால் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் குளிர்ச்சியாக நொதித்தது என்று வைத்துக்கொள்ளலாம். அலென்தேஜுவில் பல பண்ணைகள் வெயிலுக்குப் பயந்து இரவிலும் விடியற்காலையிலும் பறிக்கின்றன. குளிர்ந்த பழம், குளிர்ந்த தொட்டி, அப்போதுதான் வாசனை ஆவியாகிப் போகாமல் தங்கும்.

சரி, அடுப்புக்கு வருவோம்.

ஒரே ஒரு பதார்த்தம்தான் செய்ய முடியும் என்றால் நான் அலென்தேஜுப் பன்றி இறைச்சியைச் சொல்வேன். போர்ச்சுகலில் அதை 'கார்னே டி போர்கோ அலென்தெஜானா' என்று கேட்டால் எந்த ஊரிலும் கிடைக்கும். எலும்பில்லாத பன்றி இறைச்சியைச் சிறு துண்டுகளாக வெட்டி, பூண்டு, பிரிஞ்சி இலை, வெள்ளை ஒயின், உப்பிட்டு அரைத்த சிவப்புக் குடைமிளகாய் விழுது ஆகியவற்றில் இரவு முழுக்க ஊற வைக்கிறார்கள். மறுநாள் ஆலிவ் எண்ணெயில் அல்லது பன்றிக்கொழுப்பில் நன்றாகச் சிவக்க வறுத்து, ஊறிய சாற்றை ஊற்றி, அதிலேயே ஓட்டோடு உயிருள்ள மட்டியைப் போட்டு மூடுகிறார்கள். மட்டி வாய் திறந்ததும் அதன் உப்புநீர் குழம்பில் கலக்கிறது. பொரித்த உருளைக்கிழங்குத் துண்டுகள், கொத்தமல்லித்தழை, எலுமிச்சை. கடலும் பன்றியும் ஒரே சட்டியில்! சிவப்பு ஒயின் வைத்தால் பன்றிக்குச் சரி, மட்டிக்குச் சரியில்லை. மெலிந்த வெள்ளை ஒயின் வைத்தால் மட்டிக்குச் சரி, பன்றிக்கொழுப்பின் முன் காணாமல் போகும். அந்தாவ் வாஸ் இறைச்சியின் கனத்துக்கு ஈடு கொடுக்கிறது, அரின்டோ மட்டியின் உப்புக்கும் கொழுப்புக்கும் ஈடு கொடுக்கிறது. இதைவிடப் பொருத்தமான ஜோடியை நான் சொல்ல மாட்டேன். ஊற வைக்கும் ஒயின் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் குடிக்க முடியாத ஒயினைச் சட்டியிலும் ஊற்றாதீர்கள்.

சிவப்பு ஒயினுக்கும் கடல் உணவுக்கும் ஏன் ஆகாது என்று கேட்பவர்கள் உண்டு. பொதுவாகத் திராட்சைத் தோலிலிருந்து வரும் துவர்ப்பான டானின் மேல்தான் பழி போடுவார்கள். 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஸ்காலப் சிப்பியை வைத்துப் பார்த்தபோது ஒயினில் கரைந்துள்ள இரும்புச் சத்து கூடக்கூட மீன்வாடை கூடுவதைக் கண்டார்கள். சிவப்பில் பொதுவாக இரும்பு அதிகம். மத்தி, மட்டி, கருவாடு எல்லாவற்றுக்கும் வெள்ளையைத் தேடிப்போகும் பழக்கத்துக்கு இப்படி ஒரு காரணமும் இருக்கிறது.

அடுத்தது பக்கல்யாவ். காட் மீனை உப்பிட்டுக் காய வைத்த கருவாடு. இந்த மீன் போர்ச்சுகல் கடலில் கிடைப்பதில்லை. வட அட்லான்டிக்கில், நியூஃபவுண்ட்லாந்து வரை கப்பலில் போய்ப் பிடித்து உப்பிட்டுக் கொண்டுவந்தார்கள், இன்று பெரும்பகுதி நார்வே, ஐஸ்லாந்து பக்கமிருந்து வருகிறது. கருவாட்டோடு வளர்ந்தவர்களுக்கு உப்பை எடுக்கும் கலையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இது தடிமனான மீன் என்பதால் ஒன்று அல்லது இரண்டு நாள் குளிர்சாதனப் பெட்டியில் தண்ணீரில் வைத்து, பல முறை தண்ணீர் மாற்ற வேண்டும். கடைசித் தண்ணீரில் ஒரு துண்டைக் கிள்ளி நாக்கில் வையுங்கள். கடல் மீன் அளவுக்கு மட்டும் உப்பு இருந்தால் தயார்.

பக்கல்யாவில் எத்தனையோ வகை, எல்லாவற்றுக்கும் ஒரே ஒயின் பொருந்தாது. உங்கள் பாட்டிலுக்கு இரண்டைச் சொல்கிறேன். ஒன்று லிஸ்பனின் பிராஸ் முறை. உதிர்த்த மீன், வதக்கிய வெங்காயம், தீக்குச்சி போல மெல்லியதாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு, எல்லாவற்றையும் கலக்கிய முட்டையோடு லேசாகப் பிணைத்து, முட்டை முழுதும் இறுகுவதற்கு முன்பே இறக்கிவிடுவது. மேலே கறுப்பு ஆலிவ், பார்ஸ்லி. அரைவேக்காட்டு முட்டை நாக்கை மூடிக்கொள்ளும், அதை வழித்தெடுக்க அரின்டோவின் புளிப்பு வேண்டும். மீனில் மிச்சமிருக்கும் உப்பு பதிலுக்கு அந்தப் புளிப்பின் கூர்மையைக் குறைத்து ஒயினை இன்னும் பழச்சுவையோடு காட்டும். இரண்டாவது லகரெய்ரோ முறை. லகார் என்பது எண்ணெய்ச் செக்கு இருக்கும் இடம், லகரெய்ரோ அங்கே வேலை செய்பவர். பெயருக்கு ஏற்ற மாதிரி எண்ணெய் அபரிமிதம். தடித்த மீன்துண்டையோ ஆக்டோபஸையோ, முஷ்டியால் குத்தி நசுக்கிய உருளைக்கிழங்கோடு, பூண்டு மிதக்கும் ஆலிவ் எண்ணெயில் அடுப்பில் சுடுவது. ஓக் வாசனை உள்ள ரிசர்வாவாக இருந்தால் இதற்குத்தான் வைப்பேன்.

போர்ட்டோ நகரத்துக் கோமெஸ் டி சா முறையும் உண்டு, அவித்த உருளைக்கிழங்கும் அவித்த முட்டையும் சேர்த்துச் சுடுவது. அதுவும் ஒத்துப்போகும். கிறிஸ்துமஸ் முதல்நாள் இரவில் முட்டைக்கோஸோடு வெறுமனே அவித்துச் சாப்பிடும் பக்கல்யாவுக்கும் ஆலிவ் எண்ணெயை ஊற்றுகிறார்கள் என்பதால் இந்த ஒயின் தப்பாகாது.

நேரம் குறைவு என்றால் மட்டி. 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர் புல்யாவ் பாட்டோவின் பெயரில் வழங்கும் பதார்த்தம். ஆலிவ் எண்ணெயில் பூண்டை நிறம் மாறாமல் வதக்கி, மட்டியைப் போட்டு, கொஞ்சம் வெள்ளை ஒயின் ஊற்றி மூடி, வாய் திறந்ததும் கை நிறையக் கொத்தமல்லித்தழையும் எலுமிச்சையும். ஐந்து நிமிட வேலை. மட்டியை முன்னதாக உப்புத் தண்ணீரில் சில மணி நேரம் போட்டு மணலைத் துப்ப வைப்பது மட்டும் முக்கியம், அதைத் தவிர்த்தால் எந்த ஒயினாலும் காப்பாற்ற முடியாது. சாற்றை ரொட்டியால் வழித்துச் சாப்பிட வேண்டும், அதனால் நல்ல ரொட்டி வாங்குங்கள்.

கொத்தமல்லியைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஐரோப்பாவில் பச்சைக் கொத்தமல்லித்தழையை இவ்வளவு தாராளமாக அள்ளிப்போடும் நாடு போர்ச்சுகல்தான், அதிலும் அலென்தேஜு முதலிடம். நமக்கு அந்த வாசனை வீட்டுச் சொத்து, அதனால் இந்தச் சமையல் அந்நியமாகவே தெரியாது. இளம் ரோபெய்ரோவின் எலுமிச்சைத்தோல் வாசனையும் கொத்தமல்லியும் சேர்ந்தால் இரண்டுமே இன்னும் பச்சையாக மணக்கும்.

இதை நன்றாகப் பார்க்க வேண்டுமானால் அசோர்டா செய்து பாருங்கள். சைவ விருந்தினருக்கும் இதுதான் என் முதல் பரிந்துரை, முட்டை சாப்பிடுவார் என்றால். அலென்தேஜுவின் ஏழைச் சாப்பாடு இது. பூண்டு, கல் உப்பு, கொத்தமல்லித்தழையை உரலில் இடித்து, பெரிய பாத்திரத்தில் போட்டு ஆலிவ் எண்ணெய் ஊற்றுகிறார்கள். அதன்மேல் கொதிக்கும் தண்ணீர். தண்ணீரில் உடைத்து வேகவைத்த முட்டை. பிறகு முந்தைய நாள் ரொட்டித் துண்டுகள். அவ்வளவுதான். வீட்டில் கருவாடு அவித்த தண்ணீர் இருந்தால் அதை ஊற்றுவார்கள், சைவத்துக்கு வெறும் தண்ணீரே போதும். கொத்தமல்லிக்குப் பதில் பொய்ஜு என்ற காட்டுப்புதினாவும் சேர்ப்பதுண்டு. சூப்போடு ஒயின் வைப்பது பலருக்குத் தயக்கமாக இருக்கும், திரவத்தோடு திரவம் எதற்கு என்று. இங்கே ரொட்டி ஊறிக் கெட்டியாகிவிடுகிறது, எண்ணெய் மேலே மிதக்கிறது, மஞ்சள் கரு உடைகிறது. புளிப்புள்ள ஒரு வாய் ஒயின் அதற்கு அவசியமே. அசைவக்காரர்களுக்கு இதே குடும்பத்தில் சுறா சூப் இருக்கிறது. பூண்டு, கொத்தமல்லி, மாவு கரைத்துக் கெட்டியாக்கிய குழம்பு, கடைசியில் வினிகர். வினிகரின் புளிப்பைவிட ஒயினின் புளிப்புக் குறைவாக இருந்தால் ஒயின் தண்ணீராகத் தெரியும். அதனால் அரின்டோ முன்னணியில் உள்ள பாட்டிலுக்கு மட்டும் சுறா சூப்.

சைவத்துக்கு இன்னும் சில. பீன்ஸை மாவில் தோய்த்துப் பொரித்தெடுக்கும் ஒரு பதார்த்தத்துக்குத் 'தோட்டத்து மீன்குஞ்சுகள்' என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் ஜப்பானுக்குக் கொண்டுபோன இந்தப் பொரிக்கும் முறையிலிருந்துதான் டெம்புரா வந்தது என்பார்கள். மொறுமொறுப்பு, உப்பு, எண்ணெய், குளிர்ந்த வெள்ளை ஒயினுக்கு வேறென்ன வேண்டும்? கொண்டைக்கடலையும் பசலைக்கீரையும் பூண்டு எண்ணெயில் சேர்த்த கூட்டும் அலென்தேஜுக்காரர்கள் விரும்பிச் செய்வது. அதுவும் பொருந்தும்.

சீஸ் விஷயத்தில் சைவக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பல ஐரோப்பிய சீஸ்களில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்ப்பதால் அவர்கள் தயங்குவார்கள். அலென்தேஜுவின் செர்பா, எவோரா, நிசா ஆகிய செம்மறியாட்டுப் பால் சீஸ்களுக்கு மரபாகவே கார்டூன் என்ற முட்செடியின் காய்ந்த பூவைத்தான் பயன்படுத்துகிறார்கள். செர்பா உள்ளே வெண்ணெய் போல இளகி, லேசான கசப்பும் காரமுமாக இருக்கும். அந்தக் கசப்புக்கு அந்தாவ் வாஸின் பழச்சுவை மருந்து. சீஸ் என்றாலே சிவப்பு ஒயின் என்ற பழக்கத்தை இந்த ஒரு தடவை விட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்வேன். செம்மறியாட்டுப் பால் சீஸுக்கு வெள்ளைதான் பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

ஒயினே சைவமா என்றும் அவர் கேட்கக்கூடும். கேட்பது நியாயம். ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளை, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை ஆகியவற்றைச் சிலர் பயன்படுத்துவதுண்டு. முட்டையும் பாலும் ஒயினில் மிஞ்சியிருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும், மீன்பசைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பல பண்ணைகள் பென்டோனைட் என்ற களிமண்ணையே பயன்படுத்துகின்றன. சந்தேகம் தீர வேண்டுமானால் வீகன் குறி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பைத் தேடிப் படித்துவிடுங்கள்.

காரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போர்ச்சுகல் சமையல் பொதுவாகக் காரமில்லாதது. விதிவிலக்கு பிரி-பிரி மிளகாய் தடவிச் சுட்ட கோழி. ஆல்கஹால் காரத்தை எரிச்சலாக மாற்றும், ஓக் அதைக் கசப்பாக்கும். அலென்தேஜு வெள்ளைகள் 13 சதவீதத்தை ஒட்டியே இருப்பவை, 14 வரையும் போகும். அதனால் கோழிக்கு மிளகாயை லேசாகத் தடவினால் இந்த ஒயின் சரி, நன்றாகக் காரம் வேண்டும் என்றால் வடக்கின் வின்யோ வெர்டே பக்கம் போங்கள். அதில் ஆல்கஹால் 9 முதல் 11 சதவீதம், லேசான குமிழி, சில பிராண்டுகளில் ஒரு துளி இனிப்பு. மூன்றும் காரத்துக்கு நல்லவை.

லிஸ்பனில் கோவா வம்சாவளியினர் நடத்தும் உணவகங்கள் இருக்கின்றன. அங்கே கிடைக்கும் இறால் கறியில் தேங்காய்ப்பால்தான் முக்கியம், மிளகாய் இரண்டாம்பட்சம். தேங்காய்ப்பாலின் லேசான இனிப்பும் கொழுப்பும் அந்தாவ் வாஸோடு வெகு அழகாகச் சேரும். அந்தக் கணக்கில் நம் வீட்டில் தேங்காய்ப்பால் ஊற்றி, மிளகாயை அடக்கிச் செய்யும் மீன் சொதிக்கும் இந்தப் பாட்டிலைத் திறக்கலாம். புளிக்குழம்புக்கு வேண்டாம். புளியும் மிளகாய்த்தூளும் சேர்ந்தால் ஒயினின் வாசனை எதுவும் மிஞ்சாது.

சுட்ட மத்தி? ஜூன் மாதம் லிஸ்பனில் புனித அந்தோணியார் விழாவிலும், போர்ட்டோவில் யோவான் விழாவிலும் தெருவெல்லாம் மத்தி சுடுவார்கள். அந்தப் புகைக்கும் மீனெண்ணெய்க்கும் இன்னும் மெலிந்த, இன்னும் புளித்த ஒயின்தான் பிடிக்கும். உங்கள் கலவை வேலை செய்யும், ஆனால் அதன் சிறந்த நாள் அது இல்லை. மாட்டிறைச்சி, ஆட்டுக்குட்டிக் குழம்பு ஆகியவற்றுக்கு அலென்தேஜுவின் சிவப்பு ஒயினே இருக்கிறது. இனிப்புக்கும் இதை வைக்காதீர்கள். இனிப்பில்லாத வெள்ளையை முட்டை இனிப்புகளோடு குடித்தால் அது வெறும் புளிநீராக மாறிவிடும்.

ஆறு பேருக்கு இரண்டு பாட்டில் என்றால் ஆளுக்கு 250 மில்லி. நிதானமான விருந்துக்குப் போதும். வந்தவுடன் ஆலிவ் காய், செர்பா சீஸ், பீன்ஸ் பொரியல். பிறகு அசோர்டாவைச் சிறிய கிண்ணங்களில். பிறகு பன்றியும் மட்டியும், சைவருக்குக் கொண்டைக்கடலையும் கீரையும். பக்கல்யாவை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இரவில் இரண்டு உப்புப் பதார்த்தங்கள் வந்தால் நாக்கு சோர்ந்துவிடும்.

குளிர்ச்சியைப் பற்றி. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் அந்தாவ் வாஸின் வாசனை பாதி தூங்கிக்கொண்டிருக்கும். 10 முதல் 12 டிகிரி செல்சியஸ் சரியாக இருக்கும், ஓக் இல்லாத இளம் ஒயினுக்கு 8 முதல் 10. வெளியே எடுத்து வைத்துக் கால்மணி நேரம் கழித்து ஊற்றினாலே போதும். சென்னை மாதிரி வெக்கையான ஊராக இருந்தால் அந்தக் காத்திருப்பும் தேவையில்லை, கோப்பையில் ஊற்றிய சில நிமிடங்களில் அதுவே சூடேறிவிடும். அப்புறம், கோப்பையை நிரப்பாமல் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள், வாசனை தங்க இடம் வேண்டும்.

திராட்சை அறுவடை ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓக் இல்லாத கலவை இரண்டு மூன்று வருடத்துக்குள் குடிக்க வேண்டியது. பீப்பாயில் இருந்த ரிசர்வா ஐந்து வருடம் தாண்டியும் நன்றாக இருக்கலாம். பரிசுப் பாட்டில்கள் அலமாரியில் பல வருடம் நின்றுவிடுவது வழக்கம் என்பதால் விருந்துக்கு முன்பே ஒரு தடவை ஆண்டைச் சரிபார்ப்பது நல்லது. ஒயின் அடர் மஞ்சளாகி, வெட்டி வைத்த ஆப்பிள் வாசனை வந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது.

ஆனால் அலென்தேஜுவில் பார்த்தாலே அடர் மஞ்சளாக, தேன் நிறத்தில் இருக்கும் வெள்ளை ஒயின் ஒன்றும் உண்டு. அதைக் கெட்டுப்போனது என்று நினைத்துக் கீழே ஊற்றிவிட வேண்டாம். ரோமானியர் காலத்திலிருந்து தொடரும் தால்யா முறை அது. ஆள் உயரத்துக்கும் நிற்கும் மண்தாழி, உட்புறம் பைன் மரப் பிசின் பூசியது. நசுக்கிய திராட்சையைத் தோலோடு அப்படியே தாழிக்குள் போடுகிறார்கள், தானாகவே நொதிக்கிறது. மேலே எழும்பும் தோலைத் தினமும் மரத்துடுப்பால் உள்ளே அமுக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயு சேர்ந்து தாழி வெடிக்கக்கூடும். நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளில் அடியில் உள்ள துளையைத் திறக்கிறார்கள். கீழே படிந்த தோல்களே வடிகட்டியாக வேலை செய்ய, ஒயின் தெளிந்து வருகிறது. விடிகெய்ராவுக்குப் பக்கத்தில் உள்ள விலா டி ஃப்ராடெஸ் கிராமம் இதற்குப் பெயர் பெற்றது. 2010இல் இதற்குச் சட்டப்படியான தனி அங்கீகாரமும் வந்தது. தோலோடு கிடந்ததால் லேசான துவர்ப்பு இருக்கும். அது சாதாரண வெள்ளை தாங்காத சாப்பாட்டையும் தாங்கும், வறுத்த செஸ்ட்நட், தொத்திறைச்சி, நன்றாக முற்றிய செம்மறியாட்டுச் சீஸ் எல்லாம். உங்கள் பரிசுப் பாட்டில்கள் பிடித்துப்போனால் அடுத்து தேட வேண்டியது அதைத்தான். அதிலும் அந்தாவ் வாஸ், ரோபெய்ரோ, அரின்டோ எல்லாம் ஒரே தாழிக்குள் சேர்ந்தே நொதிப்பதுண்டு.

விருந்து முடிந்து பாட்டிலில் கொஞ்சம் மிஞ்சினால் கார்க்கை இறுக்கி மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்குள் மட்டி வாங்க நேரம் கிடைத்தால் புல்யாவ் பாட்டோ சட்டிக்கு அந்த மிச்சமே போதும்.